பட்டாவில் இல்லாத பெயர்

1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் கிளம்பியது. நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கியவர்கள், ஐந்து வருட ஒப்பந்தத்தில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1911இல் இந்த ஆளனுப்பல் நிற்பதற்குள் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

சட்டப்படி இவர்கள் அடிமைகள் இல்லை. ஆனால் மாதம் 10 ஷில்லிங் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், அனுமதிச்சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் சிறைதான். வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் 1974இல் இதைப் 'புதுவகை அடிமைமுறை' என்றே எழுதினார்.

அந்தக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு முதல் துணை கப்பல் பட்டியல்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். அடையாளம் காட்ட, உடம்பில் இருக்கும் தழும்பையும் குறித்துக்கொண்டார்கள். அந்த எண் ஆளைக் கடைசிவரை விடாது. பின்னாளில் தோட்டக் கணக்கிலும் கல்யாணப் பதிவிலும் அதே எண் வரும். எண் கிடைத்தால் குடும்பமே கிடைத்த மாதிரி.

பெயர்தான் பாடாய்ப்படுத்தும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுத, முனுசாமி 'மூன்சாமி' ஆனார். அதுவே இன்று தென்னாப்பிரிக்காவில் பல வீடுகளின் குடும்பப் பெயர். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். ஊரும் தப்பவில்லை. பூந்தமல்லி ஆங்கிலத்தில் 'பூனமல்லி'. பழைய ஏடு அதைச் செங்கல்பட்டு ஜில்லா என்று சொல்லும். ஆனால் 1997 முதல் பூந்தமல்லியும் ஆவடியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. கொள்ளுத்தாத்தா ஊரைத் தேடி டர்பனிலிருந்து வருகிறவர் எந்த அலுவலகப் படியேறுவது?

சரியான ஊருக்கே வந்தாலும் அடுத்த சுவர் நிற்கிறது. நில ஆவணங்கள் நிலம் வைத்திருந்தவர்களுடைய பெயரைத்தான் சொல்லும். சேரிப் பண்ணையாட்களுக்கு நிலமே இல்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை வைத்திருக்கும் உரிமைக்குச் சட்ட பலத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் செங்கல்பட்டுச் சேரிகளில் குடிசை நின்ற மண்கூட மிராசுதாருக்கே சொந்தம் என்ற நிலை நீடித்தது. கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை அதைப் போட்டு உடைத்தது. மறுவருடம் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை பிறந்தது.

கப்பலேறியவர்கள் எல்லோரும் சேரிக்காரர்கள் இல்லை. பட்டியலில் பல சாதியினர் இருக்கிறார்கள். ஆனால் சேரியிலிருந்து போன பண்ணையாளுக்குச் சொந்த ஊரில் ஒரு காகிதமும் இல்லை. அவர் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதிவைத்தது கரும்புக்கு ஆள் பிடித்தவர்களின் ஏடுதான். இது நெஞ்சை அறுக்கிறது.

திருமழிசையிலோ பட்டாபிராமிலோ, "எங்க தாத்தாவோட அண்ணன் கப்பலேறிப் போனாரு" என்று சொல்லும் பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். போனவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊரின் பழைய பெயர், மூன்றையும் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். நேட்டால் பட்டியல்கள் கணினியில் ஏறிவிட்டன. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து தேடுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்துப் பெயர்கள் வேண்டும்.