தீப்பெட்டிப் படம் அசைந்தால்

சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தொழில் பெருகியதும் பெட்டியின் மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகங்கள் பெருகின. மயிலும் புலியும் கப்பலுமாக அந்தக் குட்டிப் படங்கள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. தமிழ்நாட்டில் தீப்பெட்டிப் படம் சேர்க்காத பிள்ளைகள் ஒரு காலத்தில் குறைவு.

அந்தப் படங்களை வைத்தே 2006-ல் ஓர் அனிமேஷன் குறும்படம் வந்தது. மும்பையின் ஜே. ஜே. கலைப் பள்ளியில் படித்த கீதாஞ்சலி ராவ், தன் கையாலேயே வரைந்து எடுத்த ‘பிரிண்டட் ரெயின்போ’. பதினைந்து நிமிடம் ஓடும். கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் விருதுகள் பெற்றது. பெருநகர அடுக்குமாடி வீட்டில் தனியாக வாழும் ஒரு மூதாட்டி, துணைக்கு ஒரு பூனை. அவர் வீடும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் நகரமும் சாம்பல் நிறம். அவர் சேர்த்துவைத்திருக்கும் தீப்பெட்டிகளில் ஒன்றை எடுத்துப் பார்க்கிறார். அதன் படத்துக்குள் போய்விடுகிறார். அங்கே எல்லாம் வண்ணம். படத்தில் வசனமே கிடையாது. ‘இவர் தனிமையில் வாடுகிறார்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் பார்க்கிறவருக்கு நெஞ்சு கனக்கிறது.

சொல்லாமல் இதை எப்படி உணர்த்த முடிகிறது? உவமை எதன் அடிப்படையில் தோன்றும் என்பதற்குத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். கீதாஞ்சலி ராவின் படத்தை இந்த நான்கோடு வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சாம்பலும் வண்ணமும் உரு. சிறிய வீடும் சிறிய பெட்டியும் மெய். இருட்டில் வெளிச்சம் தரும் பொருள் என்பது பயன். ஆனால் பார்க்கிறவரைப் பிடித்து இழுப்பது நான்காவது: அவர் உள்ளே போகிறார் என்ற வினை. அந்தச் செயல் இல்லையென்றால் மற்ற மூன்றும் ஓர் அழகான ஓவியத்தோடு நின்றிருக்கும்.

அசைவு நம் மனத்தை எப்படி ஆள்கிறது என்பதை உளவியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். 1912-ல் மாக்ஸ் வெர்ட்ஹைமர் இரண்டு கோடுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் காட்டினார். இடைவெளி ஒரு நொடியை நூறாகப் பிரித்தால் சுமார் ஆறு பங்காக இருக்கும்போது, பார்த்தவர்கள் ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகக் கண்டார்கள். நகர்ந்தது எதுவுமில்லை. விழித்திரையில் பழைய பிம்பம் தங்கிவிடுவதால்தான் சினிமா அசைகிறது என்று பல பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆனால் பிம்பம் தங்கினால் ஒன்றன்மேல் ஒன்று கலங்கித்தான் தெரியும், அசைவு தெரியாது. அசைவை உண்டாக்குவது மூளை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் 1944-ல் வந்தது. ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரி-ஆன் சிம்மலும் ஒரு சிறு அனிமேஷன் படம் தயாரித்தார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, சின்ன முக்கோணம் ஒன்று, ஒரு வட்டம், கதவுள்ள ஒரு செவ்வகம். முகமில்லை, கண்ணில்லை, குரலுமில்லை. என்ன பார்த்தீர்கள் என்று 34 மாணவியரிடம் கேட்டார்கள். ஒருவர் மட்டுமே வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்ற அத்தனை பேரும் உயிருள்ளவர்களின் கதையைச் சொன்னார்கள்: பெரியது முரடு, வட்டம் பயந்து ஒளிகிறது, சின்னது காப்பாற்ற வருகிறது. இந்தக் குணங்களையெல்லாம் முக்கோணத்துக்குக் கொடுத்தது அதன் நகர்வு மட்டுமே. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய குஜராத்துக்காரர் இஷு படேல் 1977-ல் வெறும் மணிகளை நகர்த்தி ‘பீட் கேம்’ படத்தைச் செய்தார். மணிகளால் ஆன உயிர்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே போகின்றன. மனிதகுலத்தின் போர்வெறியைச் சொல்ல ‘விழுங்குதல்’ என்ற ஒரே வினை அவருக்குப் போதுமாக இருந்தது. ஆஸ்கர் பரிந்துரை வரை அந்தப் படம் போனது.

ஆகவே குறும்படம் திட்டமிடுகிறவர் எந்தப் பொருளைக் காட்டலாம் என்று தேடுவதற்கு முன், எந்தச் செயலைக் காட்டலாம் என்று தேட வேண்டும் என்பேன். வத்திராயிருப்பு அருகே மலையடிவாரத்து வ. புதுப்பட்டியில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு மலையே ஒன்றைத் தருகிறது. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம், 1988-ல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெரிய அணில் தரையில் இறங்குவது அரிது. பக்கத்து மரங்களோடு கிளை கோத்து நிற்கும் மரமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் கூடு கட்டும். ஆபத்து வந்தால் தாவித் தப்பிக்க வழி வேண்டும். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியைப் பற்றி இரண்டு நிமிடப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணனையும் தம்பியையும் காட்டவே வேண்டாம். கிளைகள் விலகிக்கொண்டே போகும் இரண்டு மரங்களும் ஓர் அணிலும் போதும். மரம், விலங்கு போன்ற கருப்பொருளை மட்டும் சொல்லி மனிதரைக் கேட்பவர் மனத்துக்கே விட்டுவிடும் உள்ளுறை உவமத்தின் வழி இது.

இனி வேலை காலக் கணக்கில் இருக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 ஓவியம். முதல் தாவலுக்கு 6 ஓவியம், அதாவது அரை நொடி, சிரமமே இல்லை. கிளைகள் விலகிய பின் அணில் நுனியில் ஒரு நொடி தயங்கிவிட்டுத் தாவுகிறது. கடைசியில் நுனிக்கு வந்து மூன்று நொடி நிற்கிறது, திரும்பிப் போய்விடுகிறது. அந்த மூன்று நொடி நிற்றலில்தான் படத்தின் பொருள் முழுதும் இருக்கிறது. முன்னால் அணில் லேசாகத் தாவியதைப் பார்த்தவருக்கே அந்த நிற்றல் வலிக்கும்.

இரண்டு நிமிடத்துக்கு 1,440 ஓவியங்கள். கூடுதலாக எடுத்துவைத்துப் பிறகு வெட்டலாம் என்ற வசதி இங்கே கிடையாது. அதனால்தான் முதலில் ஸ்டோரிபோர்டு. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் நிலைபெற்ற பழக்கம் அது. பிறகு அந்தப் படங்களையே உரிய நேர அளவில் ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக். அதைப் பேசாமல் ஒருவருக்குப் போட்டுக்காட்டுங்கள். ‘அணிலால் தாவ முடியவில்லை’ என்று மட்டும் சொன்னால் திட்டத்தைத் திருத்துங்கள். ‘எங்க பெரியப்பா வீடு மாதிரி இருக்கு’ என்று சொன்னால் வரையத் தொடங்கலாம். இறுதியில் ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுத்து ஓடவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பார்த்தவர் தானாகக் கண்டடைந்ததை அந்த ஒரு வரி பறித்துவிடும்.

வத்திராயிருப்பு வட்டார ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கி, ஜன்னல் வெளிச்சம், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாப் மோஷன் செயலி: இவ்வளவு இருந்தால் போதும். பத்து நொடிப் படத்துக்கு 120 ஓவியம். 40 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு மூன்றுதான். ஒரு வகுப்பிலாவது இந்த ஆண்டே தொடங்குங்கள்.