அறுவைக்கு முன் எழும் தயக்கம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொன்ன நாளுக்கும் அறுவைக்கூடத்துக்குள் நுழையும் நாளுக்கும் இடையில் பல வாரங்கள் கழிகின்றன. சிலருக்கு மாதக் கணக்கிலும் ஆகும். ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்ற சோதனை, உணவியலாளர் சந்திப்பு என்று உடலுக்கான ஏற்பாடுகள் வரிசையாக நடக்கும். மனம் தன் கேள்விகளோடு உட்காருவதும் அந்த இடைவெளியில்தான். இது உண்மையிலேயே தேவையா? இதிலும் தோற்றுப்போனால்? நாலு பேர் என்ன சொல்வார்கள்? சிகிச்சைக்கு வரும் பெரும்பாலோருக்கு இந்தக் கேள்விகள் வருகின்றன. ஆனால் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில சந்தேகங்கள் தகவல் கேட்கின்றன. சில, பல ஆண்டுகளாக வாங்கிய பேச்சுகளின் வடு. இன்னும் சில, தனியாகவே சிகிச்சை தேவைப்படும் மனநோயின் அறிகுறி. எது எந்த வகை என்று பிரித்தறிந்தால்தான் அதற்கேற்ற உதவியைத் தேட முடியும்.

ஜொகூரில் எடையும் அன்றாடமும்

1996-இல் மலேசியப் பெரியவர்களில் 4.4 விழுக்காட்டினர் உடல் பருமன் உள்ளவர்கள். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் அது 19.7 விழுக்காடு. மிகை எடை உள்ளவர்களையும் சேர்த்தால் நாட்டின் பெரியவர்களில் இரண்டில் ஒருவர். மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் இந்த அளவு மிகுதியாக இருந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முறை இருக்கிறது. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், கூலாய், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தலைமுறை நாள் முழுக்க நடந்து உழைத்தது. அதே சோறும் குழம்பும் உண்ட அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நகரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஜொகூர் பாருவில் விடியும் முன்பே பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை, தூக்கத்துக்கும் இல்லை. வீடு திரும்பும் வழியில் உணவுக்கடையில் கிடைக்கும் ரொட்டி சானாயும் தே தாரேயும்தான் அந்த நாளின் ஒரே ஓய்வு.

‘வாயைக் கட்ட முடியாதா?’

அறுவைக்கு முன் வரும் சந்தேகங்களில் மிக ஆழமானது இதுதான்: மனக்கட்டுப்பாடு இல்லாதவர்தான் கத்திக்குப் போகிறார், இது குறுக்கு வழி. உறவினர் வாயில் வந்த இந்தச் சொல் நாளடைவில் நோயாளியின் சொந்தக் குரலாகவே மாறிவிடுகிறது. பலமுறை பட்டினி கிடந்து எடையைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் இழந்ததைவிட அதிகமாகத் திரும்பப் பெற்றவருக்கு இந்தக் குற்றச்சாட்டு நியாயமாகவே படும்.

அது நியாயமில்லை. எடை குறையும்போது உடல் அதைப் பஞ்சம் என்று புரிந்துகொண்டு எதிர்த்துப் போராடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. நிறைவைச் சொல்லும் லெப்டின் குறைகிறது. ஓய்வு நிலையில் உடல் செலவழிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. அமெரிக்காவில் எடை குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரைப் போட்டி முடிந்து 6 ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே அவர்களின் உடல் செலவழித்துக்கொண்டிருந்தது. 2016-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகும் ‘வாயைக் கட்டு’ என்பதையே முழு மருந்தாகச் சொல்வது அறியாமை. ஒரு வேளை உணவை ஒருவர் மனவலிமையால் தவிர்க்கலாம். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு மணி நேரமும் பசியோடு போராட எவராலும் இயலாது.

அறுவை சிகிச்சை தலையிடுவது இந்த இடத்தில்தான். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் சுமார் 80 விழுக்காடு அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய்போல் ஆகிறது. கிரெலின் பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். அது நீங்குவதால் பசியும் தணிகிறது. பைபாஸ் முறை உணவின் பாதையை மாற்றி, நிறைவைச் சொல்லும் குடல் ஹார்மோன்களைக் கூட்டுகிறது. 2022-இல் அமெரிக்க, உலக அறுவை சிகிச்சைச் சங்கங்கள் இணைந்து வெளியிட்ட வழிகாட்டியின்படி, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை அளவு) 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் இது பரிந்துரைக்கத் தக்கது. ஆசியர்களுக்கு அந்த வரம்பு 27.5 அளவிலேயே தொடங்கலாம் என்கிறது அது. நீரிழிவு ஆசியர்களைக் குறைந்த எடையிலேயே பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். நோய்க்கு மருத்துவம் பார்ப்பதைக் குறுக்கு வழி என்று யாரும் சொல்வதில்லை.

எண்களால் அளக்கக்கூடிய பயம்

மேசையிலேயே உயிர் போய்விடுமோ என்ற பயத்துக்கு ஆறுதல் சொல்வதைவிடத் தகவல் சொல்வது மேல். 4,776 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் 3 பேர். ரத்தக்கட்டி, தையல் கசிவு, ரத்தப்போக்கு ஆகியவை முக்கிய ஆபத்துகள். தம் அறுவை மருத்துவர் இதுவரை எத்தனை சிகிச்சை செய்திருக்கிறார், சிக்கல் வந்தால் இரவில் யாரை அழைப்பது என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. மருத்துவர் அறையில் பாதி கேள்விகள் மறந்துபோகும்.

தோற்றுவிடுவோமோ என்ற பயத்துக்கும் எண்கள் உதவும். 1987-இல் தொடங்கிய சுவீடன் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக எடையில் 32 விழுக்காட்டை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாக இருந்தது. ஓரளவு எடை திரும்புவது இயல்பு என்று முன்பே தெரிந்தவர், பின்னாளில் இரண்டு கிலோ கூடினால் இடிந்துபோக மாட்டார்.

சாப்பாட்டுக்காக வரும் துக்கம்

இந்த உணர்வைப் பற்றிப் பலர் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்டு வரவேற்கும் சமூகத்தில் உணவு என்பது உறவு. கல்யாண வீட்டு வாழை இலை, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, கோயில் அன்னதானம் என எதுவும் இனி முன்போல் இருக்காது. அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மசித்த உணவு, சில வாரங்கள் கழித்தே கெட்டியான உணவு. அதன் பிறகும் சில வாய்தான். கோபத்தையும் தனிமையையும் களைப்பையும் இதுவரை ஆற்றிவந்த துணை போகப்போகிறது. அதற்காக வருந்துவது இயற்கை.

அந்த வருத்தம் தவறான வழியில் போவதும் உண்டு. தேதி குறித்ததும் ‘இனிமேல் கிடைக்காதே’ என்று விருந்து விருந்தாக உண்பவர்கள் இருக்கிறார்கள். இதன் விளைவு அறுவைக்கூடத்தில் தெரியும். இரைப்பையின் மேற்பகுதியை மூடியபடி இருப்பது கல்லீரல். கொழுப்பு சேர்ந்து அது வீங்கினால் மருத்துவரின் கருவிகளுக்கு வழி கிடைக்காது. பல மருத்துவமனைகள் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவை வற்புறுத்துவது கல்லீரலைச் சுருக்குவதற்காகவே.

எந்த நேரத்தில், எந்த உணர்வில் கை உணவைத் தேடுகிறது என்று அந்த வாரங்களில் குறித்துவைப்பது பயன் தரும். இரவு பத்து மணிக்குத் தேடுவது பெரும்பாலும் பசி அல்ல என்பது அப்போது தெரியவரும். அந்த நேரத்துக்கு நடை, தொலைபேசிப் பேச்சு, பூசை, பாட்டு என்று வேறொன்றை அறுவைக்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும். பின்னால் தேடினால் கிடைப்பது கடினம்.

தயக்கம் எப்போது நோய்?

2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த அறுவைக்கு வருகிறவர்களில் 19 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் 17 விழுக்காட்டினருக்குக் கட்டுப்பாடிழந்து உண்ணும் கோளாறும் இருந்தது தெரிந்தது. மனநல மதிப்பீடு நடப்பது இவற்றைக் கண்டறியத்தான். அதைத் தேர்வு என்று நினைத்து, தேறவேண்டும் என்பதற்காக உண்மையை மறைப்பவர்கள் தமக்கே கேடு செய்துகொள்கிறார்கள். இவை இருப்பதால் மட்டும் அறுவை மறுக்கப்படுவதில்லை. முதலில் சிகிச்சை, பிறகு தேதி என்பதே வழக்கம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, தூக்கக் குலைவு, தான் பயனற்றவர் என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால் அரசுச் சுகாதார நிலையத்திலேயே சொல்லலாம். ஒன்பது கேள்விகள் கொண்ட எளிய வினாத்தாளைக் கொண்டே அவர்களால் நிலைமையைக் கணிக்க முடியும். ஜொகூரில் தம்போய் என்றாலே பலருக்குக் கூச்சம். 1937 முதல் அங்கே இருக்கும் பெர்மாய் மனநல மருத்துவமனையே காரணம். அந்தக் கூச்சம் எத்தனையோ பேரைச் சிகிச்சையிலிருந்து தள்ளிவைத்திருக்கிறது. சுகாதார அமைச்சின் மென்தாரி சமூக மனநல மையங்களில் ஆலோசனை கிடைக்கும். 15555 என்ற ஹீல் மனநல உதவித் தொலைபேசி எண்ணிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மதுப்பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. பைபாஸ் செய்த உடலில் மது விரைவாக ரத்தத்தில் ஏறுகிறது. அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் மது அடிமை நிலை கூடுவதை 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. உணவின் பாதை மாறியபின் மருந்தின் அளவை மருத்துவரே சரிபார்ப்பார்.

யாரிடம் சொல்வது?

எல்லாரிடமும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சமைப்பவர், மருத்துவமனைக்கு உடன் வருபவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆகிய மூவருக்குத் தெரிந்தால் போதும். அம்மாவோ அத்தையோ ‘ஒரு வாய்தானே’ என்று ஊட்ட வருவது அன்பால்தான். உணவியலாளரைச் சந்திக்கும்போது அவர்களையும் அழைத்துச் சென்றால், வீட்டில் வாதாட வேண்டிய பாதி வேலை குறையும். விருந்துகளில் ‘வயிற்றுக்கு மருத்துவம் பார்க்கிறேன்’ என்று சொல்வது உண்மையும்கூட.

நல்ல நாள் பார்ப்பதும் முருகனுக்கு நேர்ந்துகொள்வதும் பலருக்குத் தெம்பு தருகின்றன. மருத்துவமனையின் கால அட்டவணைக்குள் அது அடங்கினால் தடையேதும் இல்லை. ஆனால் அறுவைக்கு முன் விரதம் இருக்க நினைப்பவர்கள், குறிப்பாக இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்டே இருக்கவேண்டும்.

கடைசி நேரத்தில் மனம் மாறினால்

கையெழுத்திட்ட ஒப்புதலை மயக்க மருந்து கொடுக்கும் வரை திரும்பப் பெறலாம். படுக்கையில் படுத்தபின் எழும் படபடப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். மயக்க மருத்துவரிடம் சொன்னால் அதற்கும் அவர் உதவுவார். பல நாளாக உள்ளுக்குள் ‘வேண்டாம்’ என்றே ஒலித்துக்கொண்டிருந்தால் ஒத்திவைப்பதே முறை. அப்போது அடுத்த சந்திப்புக்கு ஒரு தேதியை வாங்கிக்கொள்ள வேண்டும். நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை எப்படித் தொடர்வது என்றும், அறுவைக்காக நிறுத்திய மருந்துகளை எப்போது மீண்டும் தொடங்குவது என்றும் கேட்டு எழுதிக்கொண்டே வீடு திரும்ப வேண்டும்.