புற்றுநோய் அழுத்தும் ‘பிரேக்’: டி செல்கள் ஏன் அடங்கிவிடுகின்றன?

குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும், “எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, சத்து பானம் வாங்கிக் கொடுங்கள்” என்று சொல்பவர்கள் நம்மிடையே அதிகம். ஆனால், பல புற்றுநோய்களில் சிக்கல் வெறும் சக்திக் குறைவு அல்ல. எதிர்த்துப் போராட வேண்டிய செல்களைப் புற்றுநோயே தடுத்து நிறுத்திவிடுகிறது.

அந்தப் போராளிகளில் முக்கியமானவை டி செல்கள். வெள்ளை இரத்த அணுக்களில் ஒரு வகையான இவை, எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமடைகின்றன.

டி செல் தானாகப் பாய்ந்துவிடாது. அதற்கு இரண்டு சமிக்ஞைகள் தேவை. டென்ட்ரிடிக் செல் எனும் மற்றொரு செல், புற்றுநோயின் புரதத் துண்டை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுவந்து காட்டுவது முதல் சமிக்ஞை. டி செல்லின் மேலுள்ள சிடி28 வழியாகக் கிடைக்கும் உத்தரவு இரண்டாவது. இரண்டும் சேர்ந்தால்தான் அது பல்கிப் பெருகி, தாக்கப் புறப்படும்.

கட்டுக்கடங்காமல் போனால் அது நம் உடலையே தாக்கும். அதனால், சிடிஎல்ஏ-4, பிடி-1 போன்ற ‘பிரேக்’குகளும் அதனிடம் உண்டு. பல புற்றுநோய் செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தங்கள் மேற்பரப்பில் தாங்கி, பிடி-1 பிரேக்கை அழுத்துகின்றன. நெருங்கி வந்த டி செல் அடங்கிவிடுகிறது.

இந்தப் பிரேக்கை விடுவித்துச் சிகிச்சை அளிக்க வழிகாட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் எலிசன், ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ இருவரும் 2018ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் இப்பிலிமுமாப் மருந்து, முற்றிய மெலனோமா தோல் புற்றுநோய்க்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் வந்த பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் பிடி-1ஐத் தடுக்கின்றன. நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கும் இவை பயன்படுகின்றன.

கீமோதெரப்பி புற்றுநோய் செல்களை நேரடியாகத் தாக்கும்; இம்மருந்துகள் டி செல்லை அவிழ்த்துவிடும். எல்லாருக்கும் இவை பலன் தருவதில்லை. யாருக்குப் பொருந்தும் என்பதை அறிய, சில புற்றுநோய்களில் கட்டியின் மாதிரியைச் சோதிப்பார்கள்.

பிரேக் விட்ட டி செல்கள் குடல், நுரையீரல், தைராய்டு, தோல் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். எனவே, வயிற்றுப்போக்கு, விடாத இருமல், மூச்சுத்திணறல், கடும் சோர்வு ஏற்பட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்தும் இவை வரலாம்.

சத்து பானம் எதுவும் இந்தப் பிரேக்கை விடுவிக்காது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், கட்டி வளரத்தான் அவகாசம் கிடைக்கும்.