மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிற பலருக்கும் அந்த அறிக்கையில் ஒரு வரிதான் கண்ணில் படும்: வால்வில் லேசான கசிவு. அந்த வரிக்காக நகையை அடகு வைத்து அடுத்த டாக்டரைத் தேடி ஓட வேண்டியதில்லை. மைட்ரல், டிரைகஸ்பிட் வால்வுகளில் மிகச் சொற்பமான கசிவு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பலருக்கும் எக்கோவில் தெரியும். வால்வின் வடிவமும் இதயத்தின் அளவும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. "எவ்வளவு கசிவு, எதனால், மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?" என்ற மூன்றையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

பயப்பட வேண்டியது வேறு ஒரு கசிவுக்கு. இதயத்தின் வால்வு, வாய்க்கால் மதகின் பலகை மாதிரி. சரியாக மூடாவிட்டால் முன்னே போன ரத்தம் பின்னே திரும்பும். அதையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கும். பிறவியிலேயே வால்வின் அமைப்பு மாறியிருக்கலாம். கட்டுப்படாத ரத்த அழுத்தமும் மாரடைப்பும் வால்வை மூடவிடாமல் செய்யும். முதுமை இன்னொரு காரணம். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 75 வயதைக் கடந்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது கடுமையான வால்வு நோய் இருந்தது. 45 வயதுக்குக் கீழே ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

நம் நாட்டில் கணக்கு வேறு. இங்கே இளம் வயதிலேயே வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் மூட்டுவாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் வரும் ஒருவகை பாக்டீரியாத் தொண்டைப் புண்ணில் அது தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும்; முழங்கால் வீங்கும்; அது வடிந்ததும் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறும். தைலம் தடவினாலும் தடவாவிட்டாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். அதனால்தான் "வளருகிற பிள்ளைக்கு வருகிற வலி" என்று விட்டுவிடுகிறோம். மூட்டு தப்பித்துவிடும், வால்வு பல சமயம் தப்பாது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் தழும்பு கூடும்.

இந்தத் தொண்டைப் புண் நெரிசலில் பரவும். காவிரி டெல்டாவின் தொகுப்பு வீடுகளில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தொண்டைக் கிருமி எல்லாப் பிள்ளைக்கும் போகும். வீட்டு வசதி இல்லாததன் விலையை இதயம் கொடுக்கிறது என்பதை நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எத்தனை பேருக்கு என்றால், தேடும் விதத்தைப் பொறுத்து விடை மாறுகிறது. வேலூர் பகுதியில் 2001-02இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பள்ளி மாணவர்களைப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு 0.68 பேருக்கு, மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெடும் வாத இதய நோய் இருந்தது. ஹரியானாவின் பல்லப்கரில் 2011இல் வெளியான ஆய்விலும் ஸ்டெதஸ்கோப்பு வைத்துப் பார்த்ததில் ஆயிரத்துக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்தபோது ஆயிரத்துக்கு 20 பேர். அந்த 20 பேருக்கும் நோய் முற்றும் என்றில்லை. ஆனால் காதுக்குக் கேட்காத கசிவு இவ்வளவு இருக்கிறது.

டெல்டாவில் அது வெளிப்படும் இடம் பெரும்பாலும் வயல்தான். நடவுக்கும் களைக்கும் போகும் பெண், "முன்னே மாதிரி முடியலை, மூச்சு வாங்குது" என்பார். ரத்தசோகை என்று சத்து மாத்திரை தருவோம். ரத்தசோகை இருக்கவும் செய்யும். ஆனால் படபடப்பு, படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம் சேர்ந்துகொண்டால் எக்கோ பார்த்தே ஆக வேண்டும். கர்ப்ப காலத்தில் ரத்த ஓட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காவதால், அதுவரை தாங்கிய வால்வு அப்போதுதான் கைவிடும். சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவர் அதை முதல் பரிசோதனையிலேயே கிராம செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும்.

தடுக்கும் வழி மலிவானது. சளி, இருமல் இல்லாமல் காய்ச்சலும் விழுங்க முடியாத தொண்டை வலியும் இருந்தால் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை எழுதினால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். மூட்டுவாதக் காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்டால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போட வேண்டும். சிலருக்கு 18 வயது வரை, வால்வு பாதித்தவர்களுக்கு 25 வரை, கடுமையாகப் பாதித்தவர்களுக்கு 40 வரை அல்லது ஆயுள் முழுக்க. வலிக்கிற ஊசிதான். பிள்ளை ஓடியாடுகிறதே, இனி எதற்கு என்று தோன்றும். பிழைப்புக்குத் திருப்பூர் போனதும் விட்டுப்போகும். விட்டால் காய்ச்சல் திரும்பும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. ஒவ்வாமை அரிது, ஆனாலும் அவசர மருந்து கைவசம் உள்ள மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் ஊசி அட்டையும் கூடப் போகட்டும்.

இனி உரிமை. தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வர வேண்டும், அங்கன்வாடிக்கு இருமுறை. அவர்கள் பார்க்க வேண்டிய நோய்களில் வாத இதய நோயும் உண்டு, கண்டுபிடித்தால் மேல்சிகிச்சை இலவசம். இந்த ஆண்டு வந்தார்களா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை தேவை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யுங்கள், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுங்கள். அதற்குத் தேவைப்படும் சிகிச்சை ஆவணங்களை, மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

வால்வு மாற்றுவது இன்று எட்டாக்கனி அல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு முதன்முதலில் 1990 டிசம்பரில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வின் விலைக்கு ஏழை காத்திருந்த நிலை அதிலிருந்து மாறத் தொடங்கியது. ஆனால் இதுபோன்ற உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன இடைவெளியில், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை அடியோடு விட வேண்டாம். ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் ஆபத்து. நாட்டு மருந்தோ வலி மாத்திரையோ கேட்காமல் சேர்க்காதீர்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இதய டாக்டரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். பல் பிடுங்கப் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே வால்வு வைத்த விவரத்தைச் சொல்லுங்கள்; முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.