தொகை ஒத்தால் கணக்கு ஒத்ததாகுமா?

மொழியியல் பயின்றவன் கணக்கியலைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று சிலர் எண்ணலாம். கெலாங் பாத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடை வைத்திருப்போர், சங்கங்களில் பொருளாளராகப் பணியாற்றுவோர், பள்ளியில் கணக்கியல் பயிலும் மாணவர் எனப் பலர் இங்கு அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் அன்றாடம் கையாளும் ஒரு கருவியின் பெயரை ஆராய்ந்தால் அதன் பயனும் எல்லையும் தெளிவாகும் என்பதே என் துணிபு. அக்கருவி இருப்பாய்வு. நம் மாணவர்கள் மலாய்மொழியில் 'இம்பாங்ஙான் டூகா' என்று பயில்வதும், இலங்கைத் தமிழர் 'பரீட்சை மீதி' என்று வழங்குவதும் இதனையே.

பெயர்கள் மூன்றும் உணர்த்தும் பொருளை நோக்குக. தமிழ்நாட்டுப் பாடநூல் 'ஆய்வு' என்கிறது. இலங்கை 'பரீட்சை' என்கிறது. மலாய்ச் சொல்லான 'டூகா' ஊகித்தலையும் ஆழம் பார்த்தலையும் குறிக்கும். மூன்றனுள் ஒன்றேனும் 'தீர்ப்பு' என்று சொல்லவில்லை. இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரு கணக்குகளைத் தொடும். பெறுபவர் கணக்கில் பற்று எழுதுகிறோம். தருபவர் கணக்கில் வரவு வைக்கிறோம். முதலில் குறிப்பேட்டில் பதிந்து, பின் பேரேட்டில் அவரவர் பக்கத்திற்கு எடுத்தெழுதுகிறோம். ஆண்டிறுதியில் பேரேட்டின் இருப்புகளை எல்லாம் ஒரு தாளில் திரட்டி, பற்று இருப்புகளை ஒரு நிரலிலும் வரவு இருப்புகளை மற்றொரு நிரலிலும் எழுதிக் கூட்டினால், இரு கூட்டுத்தொகையும் ஒத்திருத்தல் வேண்டும். அத்தாளே இருப்பாய்வு. வெனிசில் 1494ஆம் ஆண்டு அச்சான தம் கணித நூலில் லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கியபோது இச்சோதனையையும் விளக்கியிருக்கிறார்.

இங்கே தமிழ் மாணவரைத் தடுமாறச் செய்யும் இடம் ஒன்று உண்டு. வீட்டுப் பேச்சில் 'வரவு' என்றால் கைக்கு வந்த பணம். பேரேட்டிலோ பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதச் சொல்கிறார்கள். இது முரண் அன்று. வாடிக்கையாளர் ஒருவர் பழைய கடனில் 100 வெள்ளி தருகிறார் என்க. 'அவரிடமிருந்து வந்தது' என்று அவர் பக்கத்தில் எழுதுவதே வரவு. அப்பணத்தைப் பெற்றுப் பற்றிக்கொண்டது நம் பெட்டி. ஆகவே பெட்டியின் கணக்கில் பற்று. சொல்லை யார் பக்கத்தில் எழுதுகிறோம் என்பதை அறிந்தால் குழப்பம் நீங்கும்.

இச்சொற்கள் பாடநூலுக்காகப் புதிதாக ஆக்கப்பட்டவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை முதலிய சொற்களைத் தொழில்மொழியாகவே வழங்கினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், அடுத்தாள், மேலாள் என உயரும் வழியில் கணக்கெழுதக் கற்றார். முதலாளி கடலுக்கு அப்பால் இருந்தார். ஆகவே முகவரின் நேர்மைக்குக் கணக்கேடே சான்று.

இனி ஓர் எடுத்துக்காட்டு. இவ்வூரில் ஒரு மளிகைக் கடை தன் முதல் ஆண்டை முடிக்கிறது என்று கொள்வோம். எண்கள் எளிமைக்காக அமைத்தவை. பற்று இருப்புகள்: ரொக்கம் 4,200 வெள்ளி, கொள்முதல் 18,000, தளவாடம் 6,000, வாடகை 3,300, சம்பளம் 4,500, கடனாளிகள் 2,000. கூடுதல் 38,000. வரவு இருப்புகள்: முதல் 10,000, விற்பனை 25,000, கடனீந்தோர் 3,000. கூடுதல் 38,000. இரு பக்கமும் ஒத்துவிட்டன. ஆண்டிறுதியில் எஞ்சிய சரக்கின் மதிப்பு 2,500 வெள்ளி. விற்பனையோடு இதனைக் கூட்டி, கொள்முதல், வாடகை, சம்பளம் மூன்றையும் கழித்தால் இலாபம் 1,700 வெள்ளி என்று தோன்றும்.

ஆனால் மாத வாடகை 300 வெள்ளி. பதிந்திருப்பது 11 மாதங்களுக்கு மட்டுமே. டிசம்பர் வாடகை இன்னும் கொடுபடவில்லை. அலமாரியும் தராசும் ஓராண்டு தேய்ந்திருக்கின்றன. நூற்றுக்குப் பத்து வீதம் தேய்மானம் 600 வெள்ளி. இவற்றைக் கணக்கிற்குள் கொணர்வனவே சரிக்கட்டுப் பதிவுகள். வாடகைக் கணக்கில் 300 பற்று, கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கில் 300 வரவு. தேய்மானக் கணக்கில் 600 பற்று, தளவாடக் கணக்கில் 600 வரவு. இப்போது தளவாடம் 5,400 ஆகிறது. வாடகை 3,600 ஆகிறது. சரிக்கட்டிய இருப்பாய்வின் கூடுதல் இரு பக்கமும் 38,300. மீண்டும் ஒத்துவிட்டது. ஆனால் இலாபம் 800 வெள்ளிதான். முன்னைய தொகையை நம்பிக் கடைக்காரர் 1,700 வெள்ளியை வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால், 900 வெள்ளி தம் முதலிலிருந்தே தின்றிருப்பார்.

இரண்டு இருப்பாய்வுகளும் ஒத்தன என்பதைக் கவனிக்க. இலக்கணத்தில் எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடம் ஆகியவற்றில் இயைந்த தொடர் வழுவற்றது. எனினும் அது பொய்யாக இருக்கலாம். 'மழை பெய்தது' என்பது பெய்யாத நாளிலும் பிழையற்ற தொடரே. இருப்பாய்வு காண்பதும் இவ்வியைபை மட்டுமே. அறவே விடுபட்ட பதிவையும், ஒருவர் கணக்கிற்கு மாற்றாக இன்னொருவர் கணக்கில் எழுதியதையும், தளவாடம் வாங்கியதைக் கொள்முதலாக எழுதிய விதிப்பிழையையும், ஒன்றையொன்று ஈடுசெய்யும் பிழைகளையும் அது காட்டாது.

ஒவ்வாதபோதும் பதற்றம் வேண்டா. வேறுபாடு ஒன்பதால் வகுபடுமாயின் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். இரட்டை எண்ணாயின் அதன் பாதித் தொகை தவறான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். உடனே பிழை கிட்டாவிடின் வேறுபாட்டை அனாமத்துக் கணக்கில் வைத்துத் தேடலைத் தொடரலாம். அடைக்கலப் பொருளைக் குறிக்கும் 'அமானத்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே 'அனாமத்து'. உரிய இடம் தெரியும்வரை காக்கப்படும் தொகை என்பதே அதன் கருத்து. பேச்சுவழக்கில் கேட்பாரற்றது என்று பொருள் திரிந்ததால், அத்தொகையைக் கேட்பாரற்று விட்டுவிடுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

என் அனுபவம் ஒன்றைக் கூறி முடிக்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு சிறிய வாசகர் வட்டத்தில் நான் கணக்காய்வாளன். ஓர் ஆண்டு இருப்பாய்வில் 90 வெள்ளி ஒவ்வவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பொருளாளர் முகம் வாடி அமர்ந்திருந்தார். "பிழைக்கும் களவுக்கும் வேறுபாடு உண்டு, தேடிப் பார்க்க ஒரு வாரம் தருவோம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் அன்றே பதவி விலகினார். பின்னர் ஏடுகளைப் புரட்டியபோது, 540 என்று எழுத வேண்டிய அச்சுக்கூலி பேரேட்டில் 450 என்று ஏறியிருந்ததைக் கண்டேன். அதே ஏடுகளில் இன்னொன்றும் தெரிந்தது. முந்தைய ஆண்டு இரு பக்கமும் ஒத்ததால் கைதட்டி ஏற்ற கணக்கில், நாங்கள் பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பெற்ற நன்கொடை ஒன்று அறவே பதியப்படவில்லை. அதைப் பெற்றுப் பதியாமல் விட்டவன் நான்.

அவரிடம் சென்று இரண்டையும் சொன்னேன். தேநீர் தந்தார், பதவிக்கு மட்டும் திரும்பவில்லை. ஆகவே பொருளாளர்களுக்கும், அவர்களை வினவும் உறுப்பினர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: தொகை ஒத்தால் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிடுங்கள், ஒவ்வாவிட்டால் ஆளை நோக்குமுன் ஏட்டை நோக்குங்கள்.