வெந்நீருக்குள் வளரும் கல்

போர்வெல் தண்ணீரை நம்பி வாழும் நகரங்களில் கீஸர்கள் சத்தமில்லாமல் சுண்ணாம்புக் கிடங்குகளாகின்றன. கவனிக்காமல் விட்டால் பறிபோவது பணம் மட்டுமல்ல.

பெங்களூரின் கிழக்கு விளிம்பில், வைட்ஃபீல்டையும் சர்ஜாபூர் சாலையையும் சுற்றி எழுந்துள்ள அடுக்குமாடிகளில் டிசம்பர் காலை ஒரு விநோத ஓசையோடு விடிகிறது. குளியலறைச் சுவரில் தொங்கும் வெள்ளை உருளையின் ஸ்விட்சைத் தட்டிய சில நிமிடங்களில் உள்ளே சோளம் பொரிவது போல 'படக், படக்' என்று சத்தம். போன வருடம் இரண்டு வாளி வெந்நீர் தந்த அதே கீஸர் இந்த வருடம் ஒரு வாளியோடு நின்றுவிடுகிறது. அடுத்த கட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஒருநாள் வீட்டு ஃப்யூஸ் போகிறது, மெக்கானிக் வருகிறார், அடிமூடியைக் கழற்றுகிறார். தரையில் விரித்த பழைய செய்தித்தாளில் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டுகிறது, வெள்ளையும் காவியும் கலந்த கல்தூள். நடுவே, கல் போர்த்திய கோலாக, எரிந்துபோன எலிமென்ட்.

இந்தக் கல் யாரும் போட்டதல்ல. குழாய் வழியாகத் தண்ணீரோடு தண்ணீராக, கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றப்படும் காவிரி நீர் நகரத்தின் பழைய பகுதிகளுக்கு நெடுங்காலமாகப் பாய்ந்தாலும், 2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதே 2024 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் அங்கே எழுந்த குடியிருப்புகளைக் காப்பாற்றியது போர்வெல்லும் டேங்கர் லாரியும். பாறைப் பூமியில் ஆயிரம் அடிக்கும் கீழே போய் எடுக்கப்படும் அந்தத் தண்ணீர், பாறையின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டே மேலே வருகிறது. 2024 கோடையில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றியபோது, கிடைத்த தண்ணீரை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தொட்டியில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெங்களூர் மட்டுமல்ல. ஹைதராபாத்தின் புறநகர்களிலும் ராஜஸ்தானின் பல ஊர்களிலும் நிலத்தடி நீரை நம்பும் வீடுகளில் இதே கதைதான். மாறாக, சஹ்யாத்ரி மலையின் மழைநீரைத் தேக்கும் பாட்ஸா, தான்ஸா, வைதர்ணா ஏரிகளின் தண்ணீரைக் குடிக்கும் மும்பைவாசிக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. மும்பையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வரும் குடும்பம், கூடவே கொண்டுவந்த கீஸர் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது என்று தயாரிப்பாளரைத் திட்டினால், குற்றம் பெரும்பாலும் தண்ணீருடையதாக இருக்கும்.

சூடு ஏற ஏற...

உப்பும் சர்க்கரையும் வெந்நீரில் அதிகமாகக் கரையும். சுண்ணாம்பு நேர்எதிர். கடின நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் பொருள், நீர் சூடானதும் கரியமில வாயுவை விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. அதாவது சாக்பீஸும் பளிங்கும் எந்தப் பொருளோ, அதே பொருள். அது நீரில் கரையாது. எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் படியும். கீஸருக்குள் மிகச் சூடான இடம் எலிமென்டின் மேற்பரப்பு. வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டினால் படிவு வேகம் பிடிக்கிறது.

எவ்வளவு படியும்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. இடைப்பட்ட 300 என்றே வைத்துக்கொண்டாலும், தினம் 100 லிட்டர் வெந்நீர் செலவழிக்கும் குடும்பத்தின் கீஸர் வழியாக ஒரு வருடத்தில் சுமார் 11 கிலோ கடினப் பொருள் கடந்துபோகிறது. பெரும்பகுதி தண்ணீரோடு வெளியேறிவிடும். ஆனால் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் ஒரு கிலோவுக்கு மேல்.

அந்த ஒரு கிலோ செய்யும் வேலைகள் பல. அடியில் படிந்த தூளுக்குக் கீழே சிக்கிய நீர் கொதித்து, ஆவிக்குமிழாக முட்டிக்கொண்டு மேலே வருகிறது. சோளம் பொரியும் சத்தம் அதுதான். தெர்மோஸ்டாட்டின் உணர்குழாயைக் கல் மூடிவிட்டால் அது தண்ணீரின் சூட்டை விட்டு, பக்கத்து எலிமென்டின் சூட்டை அளக்கத் தொடங்குகிறது. தண்ணீர் முழுதும் சூடாகும் முன்பே விளக்கு அணைந்துவிடும். வெந்நீரின் அளவு குறைவதற்கு இது ஒரு காரணம், தொட்டியின் கொள்ளளவைக் கல் தின்றுவிடுவது இன்னொன்று.

மின் கட்டணம் கன்னாபின்னாவென்று எகிறும் என்று சாஃப்ட்னர் விற்க வருபவர்கள் சொல்வதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். மின்சார கீஸரில் எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், கல் போர்த்தியிருந்தாலும் சூடு கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் தண்ணீர்தான். வீணாவது சொற்பம். சூடு புகைபோக்கி வழியே தப்பிக்கக்கூடிய எரிவாயு ஹீட்டரில்தான் எரிபொருள் நஷ்டம் பெரிது. மின்சார கீஸரின் உண்மையான நஷ்டம் வேறு: சூட்டை வெளியேற்ற முடியாத எலிமென்ட் தானே காய்ந்து, அதன் உலோக உறை வெடித்துவிடுகிறது.

உயிருக்கு உலை

விஷயம் பணத்தைத் தாண்டுவது இங்கேதான். உறை வெடித்த எலிமென்டுக்குள் தண்ணீர் புகுந்தால், மின்சாரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் கசியும். எர்த் இணைப்பு சரியாக இருந்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இருந்தால் ஸ்விட்ச் விழுந்துவிடும். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உடம்பு அப்போது எர்த் கம்பியாகிவிடும். கீஸரை அணைத்த பிறகே குளிக்கப் போக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவது வெறும் பயமல்ல.

இரண்டாவது ஆபத்து அழுத்தம். 25 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது கால் லிட்டருக்கும் அதிகமாக விரிகிறது. பிரஷர் பம்ப் பொருத்திய அடுக்குமாடிகளில், பின்னோக்கிப் போக விடாத வால்வு இருப்பதால் அந்த விரிவுக்கு ஒரே வழி சேஃப்டி வால்வு. அதன் வாயில் சுண்ணாம்பு கட்டிக்கொண்டு, அதே நேரத்தில் தெர்மோஸ்டாட்டும் சூடு அதிகமானால் துண்டிக்கும் கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால், சுவரில் தொங்குவது கிட்டத்தட்ட வெயிட் எழும்ப முடியாத பிரஷர் குக்கர். சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. அதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

கண்டுபிடிப்பது எப்படி

கீஸரைத் திறக்காமலேயே முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும். ஷவரின் துளைகளிலும் குழாய் முனையின் சல்லடையிலும் வெள்ளைப் பொருக்கு, வாளியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வளையம், நுரைக்க மறுக்கும் சோப்பு இவை முதல் அடையாளங்கள். ஒரு கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 வாட் எலிமென்ட் 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 35 நிமிடம் ஆகும், 15 லிட்டருக்கு 21 நிமிடம். விளக்கு அதற்கு வெகு முன்பே அணைந்து, தண்ணீரும் சீக்கிரம் தீர்ந்துபோனால் உள்ளே கல் என்று சந்தேகிக்கலாம்.

இங்கே நடக்கும் ஒரு வியாபாரத் தந்திரத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளர் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார். அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துத்தான் கணிக்கிறது. கல்லாகப் படியும் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. கால்சியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியத்தை வைக்கும் சாஃப்ட்னரை மாட்டிய பிறகும் டி.டி.எஸ். எண் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். கேட்க வேண்டியது கடினத்தன்மைக்கான சோதனை: சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கிட்டோ, பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையோ.

கல்லைக் கரைக்கும் வழி

கடின நீர் உள்ள வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன், கீஸரைச் சுத்தம் செய்வது நல்ல வழக்கம். ஸ்விட்சை மட்டுமல்ல, எம்.சி.பி.யையும் அணைக்க வேண்டும். தண்ணீர் ஆறும்வரை பொறுத்து, உள்ளே வரும் குழாயின் வால்வை மூடி, காற்று புக வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, அடிவழியாக வடிக்க வேண்டும். வால்வை விட்டுவிட்டுத் திறந்து மூடினால் தளர்ந்த தூள் தண்ணீரோடு வந்துவிடும். வீட்டுக்காரர் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

எலிமென்டில் ஒட்டிய கெட்டிக் கல் இதற்கெல்லாம் அசையாது. அடிமூடியைக் கழற்ற வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை. எலிமென்டை வினிகரிலோ, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் கலந்த வெதுவெதுப்பான நீரிலோ ஊறவைத்தால் கல் நுரைத்துக் கரையும். அவசரக்கார மெக்கானிக்குகள் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பளபளவென்று வரும். ஆனால் அந்த ஆசிட் உலோக உறையையும் தொட்டியின் எனாமல் பூச்சையும் சேர்த்தே அரிக்கும், மூடிய குளியலறையில் அதன் புகை மூச்சை அடைக்கும். சுத்தியலால் தட்டுவதும் வேண்டாம்.

மூடி திறந்திருக்கும்போதே மக்னீசியம் ஆனோட் கம்பியைப் பார்த்துவிட வேண்டும். தொட்டி துருப்பிடிக்காமல் தன்னையே அரிக்கக் கொடுத்துக்கொள்ளும் தியாகி அது. கரைந்து மெலிந்திருந்தால் மாற்றினால் போதும், தொட்டியின் ஆயுள் நீளும். சாஃப்ட்னர் வைத்த வீட்டில் ஆனோட் சீக்கிரம் தேயலாம். மூடியின் ரப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும். கடைசி விதி முக்கியமானது: தொட்டி நிரம்பி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்ச். காலித் தொட்டியில் தட்டினால் புது எலிமென்ட் சில நிமிடங்களில் போய்விடும்.

வராமல் தடுக்கச் செலவில்லாத வழி, தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியில் வைக்காமல் 60க்கு இறக்குவது. 50க்கும் கீழே போக வேண்டாம்: வெதுவெதுப்பான தேக்க நீரில் லெஜியோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் வளரும், படிவு அவற்றுக்கு வீடாகும். குடியிருப்பு முழுதுக்குமான சாஃப்ட்னர் பலன் தரும். ஆனால் அதன் ரெசினைப் புதுப்பிக்க உப்புக் கரைசல் வேண்டும், அந்த உவர்நீர் சாக்கடைக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோதான் போகிறது. குழாயின் மேல் கட்டும் காந்தக் கருவிகளின் பலனுக்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இல்லை.

வாடகை வீடுகளில் இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்பது தனிச் சண்டை. கீஸர் வீட்டுக்காரருடையது, குளிப்பவர் குடித்தனக்காரர். எலிமென்ட் வெடிக்கும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. குடி வரும்போதே கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மலிவான தீர்வு ஒன்று கூரையிலேயே விழுகிறது. மழைநீரில் கடினத்தன்மை ஏறக்குறைய பூஜ்யம். பெரிய மனைகளில் மழைநீர் சேகரிப்பைப் பெங்களூர் 2009இல் கட்டாயமாக்கியது. அந்த நீர் தரைத்தொட்டியில் சேர்ந்து போர்வெல் நீரோடு கலந்தால், கலந்த அளவுக்குக் கல் குறையும். மழை பெய்யும் நாளில் அது தெருவில் ஓடிவிடுகிறது. மறுநாள் காலை அதே வீட்டின் கீஸர் ஆயிரம் அடி ஆழத்துப் பாறையைக் கொதிக்கவைக்கிறது.