இரட்டையாய்ப் பிறக்கும் ஒளி



காலை வெயில் ஏறும் வேளையில் அறுகம்பேக் கடலை நோக்கினால் கண் கூசும். போலராய்டு கண்ணாடி அணிந்தால் அக்கூச்சம் தணியும். நீரிற்பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடையாக அதிர்கிறது. அக்கண்ணாடியோ நிலைக்குத்தாக அதிரும் ஒளியையே உள்ளே விடுகிறது. ஒளிக்குள்ள இவ்வதிர்வுத் திசையை அறிஞர் முனைவாக்கம் என்பர்.

ஒளியின் மிகச் சிறிய கூறு போட்டன் எனப்படும். பேரியம் போரேற்றுப் பளிங்கினூடே 405 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதா லேசர்க் கதிரைச் செலுத்தினால், மிக அரிதாக ஒரு போட்டன் மறைந்து, அதன் சக்தியைப் பங்கிட்டுக்கொண்டு இரு போட்டன்கள் பிறக்கின்றன.

இரட்டையர் பிறந்துவிட்டால் மட்டும் போதாது. இரு பளிங்குகளை வைத்து, ஒன்றிலிருந்து வருவன கிடையாகவும் மற்றதிலிருந்து வருவன நிலைக்குத்தாகவும் வெளிப்படச் செய்வர். பின்னர், அவை எந்தப் பளிங்கிற் பிறந்தன என்பதைக் காட்டும் அடையாளம் முழுவதையும் அழித்துவிட வேண்டும். உண்மையில் கடினமான வேலை இதுவே. அடையாளம் அழிந்ததும் எந்தப் போட்டனுக்கும் தனக்கெனத் திசை இல்லை. ஆயினும் ஒன்றைக் கிடையாகக் கண்டால் மற்றதும் கிடையாகவே காணப்படும்.

பிறக்கும்போதே செய்துகொண்ட உடன்பாடுதானோ இது? அவ்வாறாயின், பல திசைகளில் அளந்து கணிக்கும் ஓர் எண் 2ஐத் தாண்டலாகாது என, 1964இல் ஜோன் பெல் காட்டிய வழியைப் பின்பற்றி நிறுவப்பட்டது. சோதனைகளில் அது தாண்டுகிறது. இத்துறை ஆய்வுகளுக்காக அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றனர்.

2019 யூன் 17ஆம் திகதி, இலங்கைப் பொறியியலாளர் உருவாக்கிய இராவணா-1 செய்மதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதே நாளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தாரின் ஸ்பூக்கி-1 செய்மதியும் அங்கிருந்தே புறப்பட்டது. ஏறத்தாழ 2.6 கிலோகிராம் எடையுள்ள அச்சிறு பெட்டிக்குள் இரட்டைப் போட்டன்கள் பிறந்தன. அங்கேயே அளக்கவும் பட்டன. 2020இல் வெளியான முடிவின்படி, அவ்வெண் 2.60 ஆக இருந்தது.

இதனால் வரும் பயன் யாது? இவ்விணைப்பைக் கொண்டு செய்தி அனுப்ப இயலாது. ஆனால் செய்தியைப் பூட்டும் இரகசியச் சாவியை இரு ஊரார் ஒருங்கே பெறலாம். இடையில் எவரேனும் ஒற்றுப் பார்த்தால் இரட்டையரின் ஒற்றுமை குலைந்து, களவு வெளிப்பட்டுவிடும். கண்ணாடி இழையில் நெடுந்தூரம் செல்லும் ஒளி மங்கிவிடுவதால், கடல் கடந்த ஊர்களை இவ்வாறு இணைக்கச் செய்மதிகளையே அறிஞர் நாடுகின்றனர். வங்கிக் கணக்கு முதல் அரசாங்க மந்தணம் வரை யாவும் பூட்டின் உறுதியையே நம்பியிருக்கும் இக்காலத்தில், அப்பூட்டுக்குக் காவலாக இயற்கையின் விதியே அமைவது பெரும் பேறன்றோ!